டூர் கிளம்பும் முன் பைக் செயினைக் கவனிப்பது எப்படி: கழுவுவது முதல் லூஸ் பார்ப்பது வரை

இந்த வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கிளம்புகிற நாள் காலையில் வேண்டாம், முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடுங்கள். சிறிது தூரம் ஓடி வந்த செயின் இளஞ்சூடாக இருக்கும். அப்போது எண்ணெய் இட்டால் ரோலர்களுக்குள் (செயினில் உள்ள சின்ன உருளைகளுக்குள்) நன்றாக இறங்கும், மிச்சம் ராத்திரி முழுக்க ஊறும். காலையில் எண்ணெய் விட்டு அப்படியே கிளம்பினால் பாதி எண்ணெய் பின் சக்கர ரிம்மில்தான் இருக்கும்.

புதிதாக வண்டி வாங்கியவர்கள் செயின் லூசாக இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். லூஸ் ஆபத்துதான். ஆனால் லூசான செயின் தட்டும், சத்தம் போடும், முன்கூட்டியே எச்சரிக்கும். டைட்டான செயின் சத்தமே போடாமல் கியர்பாக்ஸின் வெளித்தண்டு பேரிங்கையும் பின் சக்கர பேரிங்கையும் தின்றுவிடும். இந்த விளக்கம் முழுவதிலும் ஒன்றை மனதில் வையுங்கள்: சந்தேகம் வந்தால் கொஞ்சம் லூஸ் பக்கமே விடுங்கள்.

என்னென்ன வேண்டும்

மண்ணெண்ணெய் கால் லிட்டர் (கிடைக்காவிட்டால் டப்பாவில் 'ஓ-ரிங் செயினுக்கு ஏற்றது' என்று போட்டிருக்கும் செயின் கிளீனர்), பழைய டூத் பிரஷ் இரண்டு, பனியன் துணி, 90 நம்பர் கியர் ஆயில் அல்லது செயின் ஸ்ப்ரே, ஸ்டீல் ஸ்கேல், சாக்பீஸ், உங்கள் வண்டியின் ஆக்ஸில் (பின் சக்கர அச்சு) நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், அட்ஜஸ்டர் போல்ட்டுக்கான சின்ன ஸ்பேனர்கள். டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறிப்பிட்ட விசைக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) இருந்தால் மிக நல்லது. டயரில் எண்ணெய் படாமல் மறைக்க ஓர் அட்டை.

பெட்ரோல் வேண்டாம். இப்போதைய டூரிங் வண்டிகளில் வருவது பெரும்பாலும் சீல் வைத்த செயின். ஒவ்வொரு பின்னையும் (செயின் தகடுகளை இணைக்கும் சின்ன ஊசி) சுற்றி உள்ளே கிரீஸ் அடைத்து, இரு பக்கமும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) போட்டு மூடியிருப்பார்கள். பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுக்கும். வளையம் போனால் கிரீஸ் வெளியேறும், பிறகு வெளியிலிருந்து எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அது பின்னுக்குப் போய்ச் சேராது. இரும்புக் கம்பி பிரஷும், வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன்னும் இதே காரணத்தால்தான் கூடாது. அப்படியானால் நாம் இடும் எண்ணெய் எதற்கு? ரோலருக்கும் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டியிருக்கும் பல் சக்கரம்) பல்லுக்கும் நடுவே உராய்வைக் குறைக்க, துரு பிடிக்காமல் காக்க, ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் வைக்க.

கழுவுதல்

1. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சாவி வெளியே, கியர் நியூட்ரலில். ஸ்டார்ட் செய்து கியரில் போட்டால் சக்கரம் தானாகச் சுற்றுமே, சுலபமாகத் துடைக்கலாமே என்று சிலர் செய்வார்கள். துணி செயினில் சிக்கினால் கூடவே விரலும் போகும். கையால்தான் சுற்ற வேண்டும்.

2. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். அப்போது கீழ்ப்பக்கச் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு விலகிப் போகும், துணியை உள்ளே இழுக்காது. முன்னோக்கிச் சுற்றினால் அதே செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குள் நுழையும்.

3. பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்து நான்கு பக்கமும் தேயுங்கள். வெளித்தகடு பளபளப்பது முக்கியமில்லை. உள்பக்கத்து ரப்பர் வளையங்களில் ஒட்டிய மணல்தான் முதல் எதிரி.

4. உடனே துணியால் துடைத்து, பத்து நிமிடம் உலரவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஊற வைக்க வேண்டியதில்லை.

எண்ணெய் இடும் முன் தேய்மானம் பாருங்கள்

செயின் தகட்டிலேயே அதன் எண் பொறித்திருக்கும். 520 என்றால் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை 15.875 மி.மீ. 428 என்றால் 12.7 மி.மீ. கீழ்ப்பக்கச் செயினை விறைப்பாக்கி, 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து 21-வது பின்னின் நடு வரை அளந்தால் 20 இணைப்புகளின் நீளம் கிடைக்கும். புதுச் செயினில் இது 520-க்கு 317.5 மி.மீ, 428-க்கு 254 மி.மீ. எந்த அளவைத் தாண்டினால் மாற்ற வேண்டும் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அது கையில் இல்லையென்றால் ஒரு சதவீத நீட்சியைக் கணக்காக வைக்கலாம்: 520-க்கு சுமார் 320.5, 428-க்கு சுமார் 256.5 மி.மீ. மூன்று நான்கு இடங்களில் அளங்கள், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீளாது.

ஸ்கேல் இல்லாத இடத்தில் ஒரு கைவைத்தியம் உண்டு. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் அந்தச் செயினோடு லாங் டூர் போகாதீர்கள். பற்கள் சுறாவின் துடுப்பு போல ஒரு பக்கமாக வளைந்திருந்தாலும் அதே முடிவுதான். வளையங்களைச் சுற்றிச் சிவப்பாகத் துருப்பொடி வந்திருந்தால், அந்த இணைப்பில் கிரீஸ் போய்விட்டது என்று பொருள்.

மாற்றுவதென்றால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த செட்டாக மாற்றுங்கள். பழைய பற்களில் புதுச் செயினைப் போட்டால் அது சீக்கிரமே நீண்டுவிடும். இந்த இடத்தில் காசு மிச்சம் பிடித்து யாரும் லாபம் பார்த்ததில்லை.

லூஸ் அளப்பது

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மேலும் கீழும் அசையும்போது செயினின் இழுவையும் மாறிக்கொண்டே இருக்கும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட் (அந்தக் கை வண்டியோடு இணைந்து அசையும் இடம்), பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிக டைட்டாக இருக்கும். வண்டி காலியாக நிற்கும்போது அந்த நிலை வராது. நீங்கள், பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பை என்று பாரம் ஏறி, ஒரு பள்ளத்தில் இறங்கும்போதுதான் வரும். காலி வண்டியில் அழகாக இறுக்கிய செயின் அந்தப் பள்ளத்தில் கம்பி போல விறைக்கும். சஸ்பென்ஷன் அதிக ஆழம் அமுங்கும் வண்டிக்கு லூசும் கூடுதலாகத் தேவை. ஹிமாலயன் 411 என்ற அட்வெஞ்சர் பைக்கின் பின் சக்கரம் 180 மி.மீ வரை மேலேறும், ஆகவே 125 சிசி கம்யூட்டருக்குச் சொன்ன அளவை அதற்கு வைக்கக் கூடாது.

சரியான அளவு ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ ஓனர்ஸ் மேனுவலிலோ இருக்கும். சாலை வண்டிகள் பலவற்றில் 25 முதல் 35 மி.மீ. அட்வெஞ்சர் வண்டிகளில் பொதுவாக இன்னும் கூடுதல். எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சைடு ஸ்டாண்டில் ஓர் அளவு வரும், சக்கரம் தொங்கும்போது வேறு அளவு வரும்.

அளக்கும் விதம்: இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே, கீழ்ப்பக்கச் செயினுக்குப் பின்னால் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஒரு விரலால் செயினைக் கீழே அழுத்தி ஒரு பின் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். மேலே தள்ளி அதே பின் நிற்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லூஸ். பிறகு சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி மறுபடி அளங்கள், இப்படி நான்கைந்து இடங்களில். எங்கே லூஸ் மிகக் குறைவோ அங்கே சாக்பீஸால் குறியிட்டு, அந்த இடத்தை வைத்தே அட்ஜஸ்ட் செய்யுங்கள். மிக லூசான இடத்தை வைத்துச் செய்தால் டைட்டான இடம் அளவுக்கு மீறி இறுகும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் செயினின் ஆயுள் முடிந்தது.

அட்ஜஸ்ட் செய்வது

1. ஸ்பிளிட் பின் (ஆக்ஸில் நட் கழலாமல் தடுக்கும் கம்பி) இருந்தால் கழற்றுங்கள். ஆக்ஸில் நட்டைத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம்.

2. அட்ஜஸ்டர் போல்ட்டின் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். ஆக்ஸில் ஒரு மில்லிமீட்டர் பின்னால் போனாலே லூஸ் பல மில்லிமீட்டர் குறைந்துவிடும், எனவே அவசரப்படாதீர்கள். பழைய கிளாசிக், புல்லட் வண்டிகளில் போல்ட்டுக்குப் பதில் நத்தை ஓடு மாதிரி கேம் இருக்கும். அதில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைப் பல் திருப்பினால் போதும்.

3. ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கோடுகள் எல்லா வண்டியிலும் துல்லியம் என்று சொல்ல முடியாது. ஸ்விங் ஆர்ம் பிவட்டின் நடுவிலிருந்து ஆக்ஸிலின் நடு வரை ஒரு நூலைப் பிடித்து, இரு பக்கமும் ஒப்பிட்டால் நிச்சயமாகத் தெரியும். சக்கரம் கோணலாக இருந்தால் பின் ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பக்கவாட்டு மட்டும் தேய்ந்து மின்னும்.

4. ஆக்ஸில் நட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி லூஸ் அளங்கள். நட் இறுகும்போது அளவு கொஞ்சம் மாறுவது சகஜம்.

5. லாக் நட், புது ஸ்பிளிட் பின். பின்னால் டிரம் பிரேக் என்றால் பிரேக் ராடையும் சரி செய்ய வேண்டும். டிஸ்க் என்றால் ஓட்டும் முன் பெடலை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள்.

இப்போது எண்ணெய்

டயரையும் டிஸ்க்கையும் அட்டையால் மறையுங்கள். கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில் விடுங்கள். செயின் சுற்றும்போது எண்ணெய் தானாக வெளிப்பக்கம் வரும். இரண்டு முழுச் சுற்று போதும். பத்து நிமிடம் கழித்து வழிவதைத் துடைத்துவிடுங்கள், வெளியே சொட்டச் சொட்ட நிற்கும் எண்ணெய் தூசியைத்தான் பிடிக்கும். ஸ்ப்ரே நல்லதா, கியர் ஆயில் நல்லதா என்ற சண்டை முடிவதில்லை. கியர் ஆயில் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் தெறிக்கும். ஸ்ப்ரே அவ்வளவாகத் தெறிக்காது, காசு கூட. தவறாமல் இடுகிறவருக்கு இரண்டுமே உழைக்கும்.

வழியில்

சாதாரணச் சாலையில் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய். மழையில் ஓட்டியிருந்தால் அன்று இரவே. தனுஷ்கோடி போய் வந்தால் கணக்கே வேறு. அங்கே மணலும் உப்புக்காற்றும் சேர்ந்து வேலை செய்யும். ராமேஸ்வரம் திரும்பியதும் சாதா நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இட்ட பிறகே அறைக்குப் போங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலும் ஆக்சிலரேட்டரைத் திறப்பதும் மூடுவதுமாகவே போவோம். அங்கே செயின் லூசாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு வெட்டு வெட்டும். அதை உணர்ந்தால் மலை உச்சி வரை காத்திருக்காமல் நிழலில் நிறுத்தி அளந்து பாருங்கள். இன்ஜின் சூட்டோடு இருக்கும், சைலன்சரில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் ஆக்ஸில் நட் ஸ்பேனரும், உங்கள் செயின் எண்ணுக்குப் பொருந்தும் இணைப்பு லிங்க் ஒன்றும் இருக்கட்டும். கிளிப் வகை லிங்க் மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். அதாவது அந்த லிங்க் மேல்பக்கம் இருக்கும்போது மூடிய முனை முன் சக்கரத்தைப் பார்த்திருக்கும். திருப்பி மாட்டினால் ஏதாவது பட்டதும் கிளிப் கழன்று விழும், அப்புறம் செயினும் கூடவே போகும். புதுச் செட் போட்டுக் கிளம்புகிறவர்கள் முதல் 500 கிலோமீட்டருக்குள் ஒரு முறை லூஸ் அளந்துவிடுங்கள், புதுச் செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் இளகும்.