மலையில் பயிற்சி செய்தால் குத்துச்சண்டை வீரருக்குத் ‘தம்’ கூடுமா?

மூன்றாவது ரவுண்டில் வாய் திறந்து, இடது கை தாடையை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும் வீரரைப் பார்த்தால், ‘தம் பத்தவில்லை’ என்று பயிற்சிக்கூடத்தில் சொல்வார்கள். அதற்குத் தீர்வாக ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு மாதம் தங்கிப் பயிற்சி செய்யலாமா என்று வீரர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கிறார்கள். குறைந்தது மூன்று வாரங்கள் தொடர்ந்து தங்க முடிந்தால் பயன் உண்டு, ஆனால் அது சிறிய பயன்தான். திட்டமில்லாமல் போனால் கையில் இருந்த வேகத்தையும் தொலைத்துவிட்டுத் திரும்ப நேரிடும்.

மலைக்காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். பங்கு எங்கும் ஒன்றுதான், ஏறத்தாழ 21 விழுக்காடு. குறைவது காற்றின் அழுத்தம். ஊட்டி இருக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கை ஒட்டியே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்துக்குப் போகும் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து, சிறுநீரகங்கள் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. இந்தச் சுரப்பு சில மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டாலும், அதன் தூண்டுதலால் எலும்பு மச்சை புதிய சிவப்பணுக்களை உருவாக்கி இரத்தத்தில் கலக்கச் செய்வதற்கு வாரங்கள் ஆகும். உடலில் உள்ள மொத்த ஹீமோகுளோபின், மலையில் கழியும் ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் சுமார் 1 விழுக்காடு கூடுகிறது என்பது பொதுவான கணக்கு. மூன்று வாரம் என்பது 504 மணி நேரம். வெள்ளிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்குபவருக்கு என்ன கிடைக்கும் என்பதை இந்தக் கணக்கை வைத்தே அறிந்துகொள்ளலாம்.

குத்து ஒவ்வொன்றும் நொடிக்கும் குறைவான வெடிப்பு. அந்த நொடியில் தசை ஆக்சிஜனை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஒரு குத்துத் தொடருக்கும் அடுத்ததற்கும் இடையில், அதைவிட முக்கியமாக ரவுண்டுகளுக்கு நடுவே மூலையில் உட்காரும் அந்த ஒரு நிமிடத்தில், தசை மீண்டெழுவது ஆக்சிஜனால்தான். ஹீமோகுளோபின் கூடினால் இந்த மீட்சி சற்று விரைவாகலாம். லெவின், ஸ்ட்ரே-குண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி 1,250 மீட்டரில் பயிற்சி செய்த ஓட்டவீரர்கள் நான்கு வாரங்களுக்குப் பின் 5,000 மீட்டர் ஓட்டத்தைச் சுமார் 13 நொடி குறைவாக ஓடினார்கள். உயரத்திலேயே தங்கி உயரத்திலேயே பயிற்சி செய்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. மெலிந்த காற்றில் முழு வேகத்தில் பயிற்சி செய்ய முடியாததே அதற்குக் காரணம் என்று விளக்கப்படுகிறது. ஓட்டவீரர்களைவிடக் குத்துச்சண்டை வீரருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தையான பேடில் மெதுவாக அடித்து நான்கு வாரம் பழகிய கை, போட்டியிலும் மெதுவாகத்தான் வரும்.

கலிபோர்னியாவில் 2,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் பிக் பேர் என்ற ஏரி ஊரில் ஆஸ்கர் டெ லா ஹோயா, ஷேன் மோஸ்லி, கெனாடி கோலோவ்கின் போன்ற உலகப் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரர்கள் முகாமிட்டதைக் காட்டிப் பலர் வாதிடுவார்கள். அவர்கள் அங்கே பெற்றது உயரத்தை மட்டுமல்ல. நகரத்தையும் நண்பர்களையும் விட்டு விலகி, உண்பது, உறங்குவது, உழைப்பது என்ற மூன்றுக்குள் பல வாரம் அடங்கியிருந்ததன் பயன் எவ்வளவு, காற்றின் பயன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. போட்டியே மலையில் நடக்கும்போது நிலைமை வேறு. 2015 ஜூனில், ஊட்டியின் உயரத்திலேயே இருக்கும் மெக்சிகோ நகரில் நடந்த கலப்புத் தற்காப்புக்கலைப் பட்டப் போட்டியில், பல வாரங்களுக்கு முன்பே மெக்சிகோ மலைப்பகுதிக்கு வந்து பழகிய ஃபாப்ரிசியோ வெர்டூம், களைப்பறியாதவர் என்று பெயரெடுத்த கெயின் வெலாஸ்கெஸை மூன்றாவது ரவுண்டில் வென்றார். உயரத்தில் மோதப் போகிறவர் உயரத்தில் பழகியே ஆக வேண்டும்.

போவதென்று முடிவு செய்தால், புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் கட்டாயம் பாருங்கள். இரும்பு இல்லாமல் சிவப்பணு உருவாகாது. ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால், மருத்துவர் சொல்லும் முறையில் அதைச் சரிசெய்யும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. மாதவிடாய் வரும் வீராங்கனைகளுக்கு இந்தக் குறை அதிகம் என்பதால் இருமடங்கு கவனம் வேண்டும். முருங்கைக்கீரையோ ஈரலோ சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள்; நீலகிரியில் எந்நேரமும் கிடைக்கும் தேநீர் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பதால், அதை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளியே குடியுங்கள். குடும்பத்தில் அரிவாள் அணு சோகை இருந்தால், மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் மலையேறவே கூடாது.

மலையில் முதல் வாரம் மெதுவான ஓட்டம், ஸ்கிப்பிங், நிழல் குத்து ஆகியவற்றோடு நின்றுகொள்ளுங்கள். காலையில் எழுந்தவுடன், படுக்கையிலேயே ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி நோட்டில் எழுதுங்கள். அது வழக்கத்தைவிட 10 கூடியிருந்தால் அன்று ஓய்வு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கீழே 98 காட்டியிருந்தால், மேலே 93, 94 காட்டக்கூடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து வேகப் பயிற்சியைத் தொடங்கலாம், ஆனால் மூன்று நிமிட ரவுண்டும் ஒரு நிமிட ஓய்வும் என்ற கீழ்நாட்டுக் கணக்கை அப்படியே பின்பற்றாதீர்கள். ஒரு நிமிடம் முழு வேகத்தில் பேடில் அடித்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுங்கள். அப்போதுதான் கையின் கூர்மை குறையாது. வாய்ப்பிருந்தால் வாரத்துக்கு ஒரு நாள் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி ஸ்பாரிங் (இன்னொரு வீரரோடு பயிற்சி மோதல்) செய்யலாம். 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் போய்வரும் அலுப்பு அன்றைய ஓய்வைத் தின்றுவிடும் என்பதால், அதற்குமேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தலைவலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலைக்குப் புதியவருக்குத் தலைவலி வருவது இயல்பு. ஸ்பாரிங்கில் தலையில் அடிபட்டவருக்கும் அதே தலைவலி, அதே குமட்டல்தான் வரும். ‘மலை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும்’ என்று சொல்லி மூளை அதிர்ச்சியைக் கவனிக்காமல் விடும் ஆபத்து இங்கே பெரிது. அடிபட்டபின் தலைவலி வந்தால், அதை அடியின் விளைவாகவே கருதிப் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். முதல் வாரத்தில் ஸ்பாரிங் வேண்டவே வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது முதன்மையாக இதற்காகத்தான்.

எடை குறைப்பையும் மலைப் பயிற்சியையும் ஒன்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வறண்ட காற்றில் மூச்சோடு நீர் போய்க்கொண்டே இருக்கும், சிறுநீரும் அதிகமாகப் போகும், பசியும் மந்தமாகும். தராசில் முள் இறங்குவதைக் கண்டு மகிழ்ந்தால், இறங்கியது தசையாக இருக்கலாம். குறைக்க வேண்டிய கொழுப்பைக் கீழேயே குறைத்துவிட்டு, மேலே வயிறாரச் சாப்பிடுங்கள். முகத்தில் மாட்டும் ‘உயரப் பயிற்சி’ முகமூடிகள் மூச்சை இழுக்கச் சிரமப்படுத்துமே தவிர, காற்றின் அழுத்தத்தை மாற்றாது. அவற்றால் ஹீமோகுளோபின் கூடும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

போட்டிக்கு இரண்டு முதல் மூன்று வாரம் முன்பாக மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். கூடிய ஹீமோகுளோபின் இறங்கிய சில வாரங்களில் பழைய அளவுக்கு வந்துவிடும் என்பதால், அதற்கும் முன்பே இறங்க வேண்டாம். ஆனால் இறங்கிய முதல் சில நாட்கள் உடல் கனமாகவும் வெயில் தாங்காமலும் இருக்கும் என்பதால், போட்டிக்கு ஒட்டி இறங்குவதும் சரிப்படாது. இடைப்பட்ட நாட்களில் முழு வேகத்தில், போட்டியின் அதே ரவுண்டு, அதே ஓய்வுக் கணக்கில் ஸ்பாரிங் செய்து, கடைசி நான்கு ஐந்து நாட்களில் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.