'இல்லை' என்றேன், அழித்துவிட்டது

வீட்டுச் செலவை எழுதி வைக்க ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். பெயர் கணக்கு. கட்டளை வரியில் அடிக்கும் சொற்களைத் தரும் சிஸ்.ஆர்க்வியில் வருவதை இஃப், எலிஃப் போட்டுப் பிரித்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கட்டளை சேர்ந்ததும் எந்த இடத்தில் எது வரும் என்று எனக்கே குழப்பம். அந்தச் சொற்களைப் பிரித்துத் தர பைதானோடு கூடவே வரும் ஆர்க்பார்ஸ் என்ற நூலகத்துக்கு மாறினேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்:

கணக்கு சேர் 450 --குறிப்பு பால்
கணக்கு பட்டியல்
கணக்கு நீக்கு 3

ஆம், கட்டளைப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஹெல்ப் பத்திகள் மட்டும் கொஞ்சம் கோணலாக வரும். மெய்யெழுத்தின் புள்ளியையும் ஆர்க்பார்ஸ் தனி எழுத்தாக எண்ணிவிடுகிறது.

முதலில், அடித்ததைப் பிரிக்கும் ஆர்குமென்ட்பார்சர் ஒன்று; இதுதான் தாய்ப் பார்சர். அதன்மேல், கட்டளைகளைத் தனித்தனியாகப் பிரிக்க ஆட்_சப்பார்சர்ஸ். அது திருப்பித் தருவதில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு ஆட்_பார்சர். தொகையை 'சேர்' பார்சரில்தான் சேர்க்க வேண்டும். தாய்ப் பார்சரில் சேர்த்தால் 'பட்டியல்' என்று அடித்தாலும் தொகை எங்கே என்று கேட்கும். டைப்=இன்ட் (முழு எண்) கொடுக்க மறந்தால் 450 எண்ணாக இல்லாமல் வெறும் ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துத் தொடராகவே வரும். கொடுத்துவிட்டால், யாராவது 'ரூ450' என்று அடிக்கும்போது ஆர்க்பார்ஸே பிழையைச் சொல்லி, பிழை என்று காட்டும் எக்ஸிட் கோடு 2 உடன் வெளியேறிவிடும்.

எந்தக் கட்டளைக்கு எந்த ஃபங்ஷன்? மறுபடி இஃப் வரிசை எழுத வேண்டாம். 'சேர்' பார்சரில் செட்_டிஃபால்ட்ஸ் அழைத்து வேலை=செலவு_சேர் என்று கட்டிவையுங்கள்; மற்றவற்றுக்கும் அப்படியே. தாய்ப் பார்சரின் பார்ஸ்_ஆர்க்ஸ் தருவதை ஆர்க்ஸ் என்று வைத்துக்கொண்டால், கடைசியில் ஆர்க்ஸ்.வேலை(ஆர்க்ஸ்) என்ற ஒரே வரி போதும்.

ஒன்று கவனம். கட்டளையே இல்லாமல் வெறும் 'கணக்கு' என்று அடித்தால் ஆர்க்பார்ஸ் ஒன்றும் சொல்லாது. அந்தக் கடைசி வரியில் போய் 'வேலை' இல்லை என்று அட்ரிபியூட்எரர் வெடிக்கும். ஆட்_சப்பார்சர்ஸுக்கு டெஸ்ட்='கட்டளை' (test அல்ல, dest), ரெக்வயர்டு=ட்ரூ இரண்டையும் கொடுங்கள். ரெக்வயர்டு பைதான் 3.7 முதல் உண்டு.

இனி என் சொந்தக் கூத்து. 'நீக்கு' கட்டளைக்கு --உறுதி என்று ஒரு ஆப்ஷன் வைத்து, டைப்=பூல் (ட்ரூ அல்லது ஃபால்ஸ், அதாவது ஆம் அல்லது இல்லை) கொடுத்திருந்தேன். சும்மா ஒத்திகை பார்க்க 'கணக்கு நீக்கு 3 --உறுதி இல்லை' என்று அடித்தேன். மூன்றாம் பதிவு போயே போச்சு. பூலுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது; காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் அதற்கு ட்ரூதான். 'ஃபால்ஸ்' என்று எழுதியிருந்தாலும் அதே கதைதான். அந்த இடத்தில் ஆக்‌ஷன்='ஸ்டோர்_ட்ரூ' போட வேண்டும். பிறகு --உறுதி என்று அடித்தால் ட்ரூ, அடிக்காவிட்டால் ஃபால்ஸ். போன பதிவு கேஸ் சிலிண்டர் செலவு; ரசீதைத் தேடி எடுத்து மறுபடி சேர்த்தேன்.