கொழும்பு கெம்பஸுக்கு புதுசா வாற தம்பி தங்கச்சிமாருக்கு: கிரவுண்டுக்கு எப்பிடி போறது

லெக்ஷர் ஹோல் எங்க, லைப்ரரி எங்க, கென்டீன் எங்க எண்டு முதல் கிழமையிலயே சீனியர்மார் காட்டித் தருவினம், கிரவுண்டை மட்டும் ஒருத்தரும் காட்டமாட்டினம். நான் யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடத்துக்காக ஓட்டப்போட்டியில ஓடினனான், ஆனா இங்க வந்து முதல் வருசம் முழுக்க அந்தப் பக்கமே போகேல்ல, சிங்களம் வராது, ஆரையும் தெரியாது, எங்கட ஆக்களும் போறேல்ல எண்டு ரூமுக்கையே கிடந்தன். அந்த வருசம் திரும்பி வராது. அதால ஸ்டூடன்ட் ஐடி கையில கிடைச்ச கிழமையே போங்கோ.

கிரவுண்டும் ஜிம்னாசியமும் ரீட் எவனியூ பக்கம், போர்ட்டில பிலிப் குணவர்தன மாவத்தை எண்டு இருக்கும். 138 பஸ்ல வந்தா தும்முல்லையில இறங்கி நடக்கலாம். நடக்கேக்க சுத்திவர ஒருக்கா பாருங்கோ. இது 1921ல யுனிவர்சிட்டி கொலேஜா தொடங்கின இடம், அதுக்கு முதல் 1906லயே ஒரு பல்கலைக்கழகம் வேணும் எண்டு சங்கம் வச்சுப் போராடினது சேர் பொன்னம்பலம் அருணாசலம். எங்கட ஆள் கேட்டு வாங்கின இடத்துக்குள்ள நாங்கள் கூச்சப்பட்டு நிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான் நான் சொல்ல வாறது. 1942ல இலங்கைப் பல்கலைக்கழகம் ஆகி, 52ல பேராதனைக்கு மாறி, 72ல இருந்து சட்டப்படியே "கொழும்பு கெம்பஸ்" எண்டு இருந்து, 78 பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் தனிப் பல்கலைக்கழகம், ஆனா வாயில இன்னும் கெம்பஸ்தான். பக்கத்தில இருக்கிற ரேஸ்கோர்ஸ் இப்ப ரக்பியும் கடைகளும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் கொழும்பில குண்டு போடேக்க பிரிட்டிஷ்காரரின்ட ஹரிக்கேன் சண்டை விமானங்கள் அந்தக் குதிரை ஓடின புல்லில இருந்தும் எழும்பினது. எனக்கு அந்த ரோட்டால போகேக்க ஒவ்வொருக்காவும் இது ஞாபகம் வரும்.

சரி, போய் என்ன செய்யிறது? முதல்ல உடற்கல்விப் பிரிவுக்குப் போய் உங்கட விளையாட்டுக்கு எந்தெந்த நாள் ப்ரெக்டிஸ், கெப்டன் ஆர் எண்டு கேளுங்கோ. நம்பரை வாங்கி அண்டைக்கே மெசேஜ் போடுங்கோ, நாளைக்கு எண்டு விட்டா ஒரு செமஸ்டர் போயிடும். சிங்களம் தெரியாட்டி "அய்யே, ப்ரெக்டிஸ் கீயட்டத" (அண்ணா, ப்ரெக்டிஸ் எத்தினை மணிக்கு) எண்டது காணும், அக்கா எண்டா "அக்கே". மிச்சம் ஒரு மாசத்தில தன்பாட்டில வரும், நான் சிங்களம் படிச்சது வகுப்பில இல்ல, ஸ்ட்ரெச் பண்ணேக்க பக்கத்தில இருந்தவனோட கதைச்சுத்தான். பள்ளிக்கூடத்தில விளையாடேல்ல எண்டு பின்னுக்கு நிக்காதேங்கோ, பாரம் தூக்கிறது, எல்லே (மட்டையால பந்தை அடிச்சிட்டு ஓடுற விளையாட்டு), ரோயிங் மாதிரி கனக்க விளையாட்டு முதல் முதல் கெம்பஸிலதான் தொடங்கிறவை, அங்க புது ஆக்களுக்கு இடம் இருக்கும். தங்கச்சிமார் ரெண்டு பேரா சேர்ந்து போனா முதல் நாள் பயம் பாதி குறையும்.

ஓடுற ஆக்களுக்கு ரெண்டு விசயம். ட்ரெக்ல உள் லேன்தான் 400 மீற்றர், வெளிய போகப் போக ஒவ்வொரு லேனுக்கும் ஏழரை மீற்றர் மட்டில கூடும், 8வது லேன்ல ஒரு ரவுண்ட் 450ஐத் தாண்டும், நேரம் பாக்கிறவை முதல் லேன்லயே ஓடுங்கோ, மெதுவா ஓடுறவை வெளிய. 5000 எண்டா பன்னிரண்டரை ரவுண்ட். மற்றது ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வச்ச சப்பாத்து, புல்லுக்கு 9 இல்லாட்டி 12 மில்லிமீற்றர் ஆணி, சுகததாச ஸ்டேடியத்து சிந்தெடிக் ட்ரெக்குக்கு 6 காணும், போட்டிக்கு முதல் மாத்த மறக்காதேங்கோ.

வீட்டில "படிக்கப் போனனியோ ஓடப் போனனியோ" எண்டு கேப்பினம், எனக்கும் கேட்டவை. எதிர்வீரசிங்கம் ஐயாவைச் சொல்லுங்கோ, யாழ் மத்திய கல்லூரிப் பெடியன், 1952லயும் 56லயும் ஒலிம்பிக், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில உயரம் பாய்தல்ல தங்கம், இலங்கைக்கு ஆசியாவில முதல் தங்கமே அதுதான், பிறகு டொக்டர் பட்டமும் எடுத்தவர். அம்மா அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கேல்ல.

கொழும்பு வெக்கை யாழ்ப்பாண வெக்கை மாதிரி இல்ல, வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது, முதல் ரெண்டு கிழமை வேகத்தைக் குறைச்சு ஓடுங்கோ, தண்ணிப் போத்தல்ல தேசிக்காயும் கொஞ்சம் உப்பும் சீனியும் போட்டுக் கொண்டு போங்கோ. மார்ச் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரம் இடி மின்னலோட மழை வரும். இடி கேட்டா ரவுண்ட் முடிக்கிறன் எண்டு நிக்காதேங்கோ, மரத்துக்குக் கீழயும் நிக்காதேங்கோ, கட்டிடத்துக்குள்ள போய் கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் இருந்திட்டு வெளிய வாங்கோ.