பட்டாயா போகிறவர்கள் செய்யும் தவறுகள்: பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

போன முறை பட்டாயாவில் நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு எதிரே ஒரு ஸ்கூட்டர் வாடகைக் கடை இருந்தது. காலையில் காபியோடு வாசலில் நின்றபோது, நம் ஊர்ப் பையன்கள் மூன்று பேர் அந்தக் கடைக்காரரிடம் மூன்று பாஸ்போர்ட்டையும் எடுத்து நீட்டுவதைப் பார்த்தேன். அவர் அவற்றுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு இழுப்பறைக்குள் வைத்தார். ரோட்டைத் தாண்டிப் போய், "தம்பி, அதைத் திரும்ப வாங்குங்க" என்றேன். "எல்லாரும் இப்படித்தானுங்ணா குடுக்கறாங்க" என்றான் ஒருவன். 2013-இல் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டுக்கு இரண்டு முறையாவது சிறு குழுக்களை அங்கே அழைத்துப் போகிறேன். வெயிலுக்குத் தொப்பி, பர்ஸ் பத்திரம் போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. விவரமானவர்களே மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

வருகைப் பதிவுக்குப் பணம் கட்டுவது

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டினர் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். இது முற்றிலும் இலவசம். தேடலில் முதலில் வரும் தளத்தைத் திறந்து, டாலரில் பணம் கட்டிவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருக்கிறார்கள். தாய்லாந்து குடிவரவுத் துறையின் தளத்தைத் தவிர வேறெதிலும் விவரம் கொடுக்காதீர்கள். போவது பணம் மட்டுமல்ல, உங்கள் பாஸ்போர்ட் விவரங்களும்தான்.

இறங்கியதும் பணம் மாற்றுவது

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டி எடுத்து வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுன்ட்டர்களில் விகிதம் மோசம். அதே கட்டடத்தின் அடித்தளத்தில், நகர ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் கடைகளில் நல்ல விகிதம் கிடைக்கும். லிஃப்டில் இறங்கிப் போக ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். பட்டாயாவிலும் தெருவுக்குத் தெரு மாற்றும் கடைகள் உண்டு.

ஏ.டி.எம். என்றால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) மேல் கட்டணம் பிடிப்பார்கள். ஆயிரம் ஆயிரமாக எடுக்காதீர்கள். இயந்திரம், "ரூபாயாக மாற்றிக் கணக்கிடட்டுமா?" என்று கேட்கும். உங்கள் அட்டையில் எத்தனை ரூபாய் கழியும் என்றும் காட்டும். பார்க்க வசதியாக இருப்பதால் பலர் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். வேண்டாம் என்றுதான் அழுத்த வேண்டும். மாற்று விகிதத்தை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளும். அந்த இயந்திரம் போடும் விகிதம் எப்போதும் உங்களுக்கு நட்டம்தான்.

பாட் பஸ்ஸில் ஏறும்முன் விலை கேட்பது

பட்டாயாவில் எங்கே பார்த்தாலும் பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்ட, கூரை வைத்த வண்டிகள் ஓடும். சாங்தேவ் என்பது பெயர். இரண்டு வரிசை என்று பொருள். நாம் பாட் பஸ் என்றே சொல்கிறோம். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான். கையைக் காட்டி நிறுத்தி, பேசாமல் ஏறி உட்கார வேண்டும். இறங்கும் இடம் வந்ததும் கூரையில் இருக்கும் பொத்தானை அழுத்தி, இறங்கி, முன்னால் போய் ஓட்டுநரிடம் சில்லறையைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பத்து பாட் கொடுத்துத்தான் இப்படிப் போய் வந்திருக்கிறோம்.

ஏறும்முன், "அங்கே போக எவ்வளவு?" என்று கேட்டீர்களானால், நீங்கள் தனி வண்டி பேசுகிறீர்கள் என்று ஆகிவிடும். 200 பாட் சொல்வார். அவர் ஏமாற்றவில்லை. நாம்தான் டாக்சியாகக் கேட்டுவிட்டோம்.

பீச் ரோடு தெற்கு நோக்கிய ஒருவழிப் பாதை. அதற்கு இணையாக உள்ளே இருக்கும் செகண்ட் ரோடு வடக்கு நோக்கியது. இதைத் தெரிந்துகொண்டால் எந்த ரோட்டில் நின்று கை காட்டுவது என்பதில் குழப்பமே வராது.

பாஸ்போர்ட்டை ஈடாகக் கொடுப்பது

2013-இல் நானும் இரண்டு நண்பர்களும் கடற்கரையில் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) எடுத்தோம். அரை மணி நேரத்துக்குப் பேச்சு. வாடகை ஒன்றும் அதிகமில்லை. ஈடாக ஒரு பாஸ்போர்ட் வேண்டும் என்றார் வண்டிக்காரர். நான் என்னுடையதைக் கொடுத்தேன். வண்டி ஏற்கெனவே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் வண்டியைக் கரைக்கு இழுத்து ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள். அடிப்பாகத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். அவர் விரலால் அதைத் தடவிக் காட்டி, 40,000 பாட் என்றார். நாங்கள் எதிலும் மோதவில்லை, கல்லில் ஏறவில்லை என்று எவ்வளவோ சொன்னோம். ஐந்து நிமிடத்தில் எங்களைச் சுற்றி ஏழெட்டுப் பேர். யாரும் கை வைக்கவில்லை, கத்தவும் இல்லை. ஒருவர் குடிக்கத் தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் பாஸ்போர்ட் அவர்களிடம், மறுநாள் மாலை எங்களுக்கு விமானம். இரண்டு மணி நேரம் பேசி 15,000 பாட்டில் முடிந்தது. அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 28,000 ரூபாய். மூன்று பேரும் கையில் இருந்ததைப் போட்டு, மீதியை ஏ.டி.எம்.மில் எடுத்துக் கொடுத்தோம்.

பணம் போனதுகூட ஆறிவிட்டது. ஆறாதது வேறு. நண்பன் அந்தக் கீறலைப் படம் எடுத்திருந்தான். ஊருக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஃபைபர் உடம்பில் அன்றைக்கு விழுந்த கீறல் என்றால் சாக்பீஸ் கோடு மாதிரி வெள்ளையாக இருக்கும், ஓரத்தில் தூள் ஒட்டியிருக்கும், விரல் வைத்தால் பிசிறு குத்தும். இந்தக் கீறலின் ஓரங்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. பள்ளத்துக்குள் கறுத்த அழுக்கு. ஒரு முனையில் பச்சையாகப் பாசிகூடப் படிந்திருந்தது. எத்தனையோ மாதம் தண்ணீரில் கிடந்த கீறல். எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் அதற்குப் பணம் கட்டினார்களோ! அது எங்கள் கண்ணெதிரில்தான் இருந்தது. பயத்தில் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பாஸ்போர்ட் மட்டும் என் பையில் இருந்திருந்தால் அன்றைக்குப் பேச்சே வேறு. நிதானமாகப் பார்த்திருப்போம், போலீஸைக் கூப்பிட்டிருப்போம், 'விமானம் போய்விடுமே' என்ற பதற்றம் வந்திருக்காது. அந்த இடத்தில் கீறலை வைத்து யாரும் பணம் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை வைத்துத்தான் கேட்டார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதைக் கொடுக்க நமக்கு உரிமையே இல்லை. பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்று நம் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. நாம் அதை வைத்திருப்பவர்கள் மட்டுமே. வாடகைக் கடையில் அடகு வைக்கும் பொருள் அல்ல அது.

இப்போது என் குழுவில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஜெட் ஸ்கீயே வேண்டாம். கட்டாயம் ஓட்டத்தான் வேண்டும் என்கிறவர்கள், வண்டி கரையில் டிரெய்லர் மேல் இருக்கும்போதே வீடியோ எடுங்கள். மூக்கு, இரண்டு பக்கம், முக்கியமாக அடிப்பாகம். பழைய கீறலை வண்டிக்காரரிடம் காட்டி, அவர் தலையாட்டுவதும் வீடியோவில் விழ வேண்டும். தண்ணீரில் மிதக்கும் வண்டியைக் காட்டி ஏறச் சொன்னால் அடுத்த ஆளைப் பாருங்கள். ஸ்கூட்டருக்கும் இதே முறைதான். ஈடாகப் பணம் வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்கு நகல் மட்டும் கேட்கிற கடைகள் பட்டாயாவில் நிறைய உண்டு. இரண்டு கடை தள்ளிக் கேட்டால் கிடைக்கும்.

மீறி ஏதாவது வம்பு வந்தால் 1155-ஐ அழையுங்கள். அது சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்தில் பேசலாம். அவர்கள் வரும்வரை பணமும் கொடுக்காதீர்கள், தாய் மொழியில் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்தும் போடாதீர்கள்.

சரி, அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றையும் திரும்ப வாங்கினார்கள். கடைக்காரர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, ஆளுக்கு 3,000 பாட் ஈடும் நகலும் வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தார்.

கார் லைசென்ஸை நம்பி ஸ்கூட்டர் எடுப்பது

நம் ஊர் லைசென்ஸ் மட்டும் அங்கே போதாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். அது ஓராண்டு செல்லும். அதில் எந்த வகை வண்டிக்கு முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். இரு சக்கர வண்டிக்கான வகை இல்லாமல், காருக்கு மட்டும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் நிறைய. போலீஸ் அபராதம் சின்ன விஷயம். கீழே விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினார் என்று சொல்லிப் பயணக் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிடலாம். அங்கே தனியார் ஆஸ்பத்திரிச் செலவு தாங்காது.

மின்சிகரெட்

கொண்டுபோகவே போகாதீர்கள். தாய்லாந்தில் அது சட்டவிரோதம்.

கடற்கரையில் புகைப்பது

அதற்கும் தடை.

"வெஜ்" என்று மட்டும் சொல்வது

நம் ஆட்கள் இதில் படும் பாடு எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். முக்கியமாக வயதான அம்மாக்கள். வெஜ் என்று சொன்னால் கறித்துண்டைப் போட மாட்டார்கள், அவ்வளவுதான். மீன் சாஸ் அவர்களுக்கு உப்பு மாதிரி. அது இல்லாமல் வாணலியே ஏறாது. பப்பாளிக்காய் சாலடில் உலர்ந்த இறால் இடித்துப் போடுவார்கள். பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு விழுதுகளில் இறால் விழுது இருக்கும்.

கேட்க வேண்டிய சொல் 'ஜே'. முழுச் சைவம் என்று அர்த்தம். மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் சேராது. பூண்டு வெங்காயமும் கிடையாது என்பதால், அவற்றைத் தவிர்க்கிறவர்களுக்கும் ஒத்துவரும். ஜே உணவுக் கடை வாசலில் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். சாதாரணக் கடையில் உட்கார்ந்துவிட்டால், 'மாய் சாய் நாம் ப்ளா' என்று சொல்லுங்கள். மீன் சாஸ் போடாதீர்கள் என்று பொருள். என் குழுவில் எல்லோருடைய கைப்பேசியிலும் இதைத் தாய் எழுத்தில் படமாக ஏற்றிக் கொடுத்துவிடுவேன்.

கோ லான் தீவுக்குத் தரகர் மூலம் போவது

பட்டாயாவின் பாலி ஹாய் படகுத் துறையிலிருந்து இந்தத் தீவுக்குப் பொதுப் படகு இருக்கிறது. 30 பாட் கட்டணத்தில்தான் இத்தனை முறையும் போயிருக்கிறேன். முக்கால் மணி நேரப் பயணம். துறைக்குப் போகும் வழியிலேயே, "படகு போய்விட்டது, ஸ்பீட் போட்தான்" என்று மறிப்பார்கள். கேட்காமல் கடைசிவரை நடந்து போய்விடுங்கள்.

படகில் இரண்டு வகை உண்டு. ஒன்று தாவேன் கடற்கரைக்கு, இன்னொன்று நா பான் என்ற கிராமத் துறைக்கு. ஏறும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். நா பானில் இறங்கினால் குளிக்கும் கடற்கரைக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். தீவில் இறங்கியதும் முதல் வேலையாக, திரும்பும் கடைசிப் படகு நேரம் எழுதிய பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளை இறுக்கிப் பிடிப்பது

பட்டாயாவிலிருந்து சுவர்ணபூமிக்குச் சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஞாயிறு மாலை அப்படியில்லை. வார இறுதிக்கு வந்த பாங்காக்காரர்கள் எல்லோரும் அதே நெடுஞ்சாலையில்தான் திரும்புவார்கள். பட்டாயாவை ஒட்டிய ஜோம்தியனிலிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்து இருக்கிறது. முந்தின நாளே டிக்கெட் எடுத்துவிடுங்கள். இரவு பத்து மணி விமானம் என்றால், நான் மாலை நான்கு மணிக்கே குழுவைப் பேருந்தில் ஏற்றிவிடுவேன்.