கார்பன் இழையை நன்றாக மின்கடத்த வைப்பது எப்படி?

முதலில் இழை எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலான இழைகள் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கைப் பாலிமரில் செய்தவை. சாதாரண ரகத்தின் மின்தடை எண் சுமார் 17 மைக்ரோ ஓம் மீட்டர், அதாவது செம்பைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. மீசோபேஸ் பிட்ச்சிலிருந்து (மூலக்கூறுகள் வரிசையாக அடுங்கிய ஒரு வகைத் தார்) இழுத்து 3000 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேற்றிய உயர்தர இழைகளில் அது 2-க்கும் கீழே இறங்கும். அந்தச் சூட்டில் கிராஃபைட் அடுக்குகள் பெரிதாகி, இழையின் நீளவாக்கில் வரிசையாகப் படுக்கின்றன. எலக்ட்ரான் ஓடுவது அந்த அடுக்குகளின் வழியேதான். உங்களிடம் உலை இருந்தால், இழை எரியாமலிருக்க உள்ளே 1500 டிகிரி வரை நைட்ரஜன் வாயு போதும், அதற்கு மேலே ஆர்கான்.

உலை இல்லையா? சரி, நிக்கல் முலாம் பூசுங்கள். என் அனுபவத்தில் உழைப்புக்கு ஏற்ற பலன் இதில்தான் அதிகம்.

வாங்கிய இழையின்மேல் மெல்லிய பிசின் பூச்சு இருக்கும். அதை அசிட்டோனில் ஊறவைத்து நீக்குங்கள். பூச்சு போனதும் கற்றை விறைப்பு விட்டுத் துவண்டு, தண்ணீரில் தானாக விரியும். அந்த விரிப்பு மிக முக்கியம். கற்றை இறுக்கமாக இருந்தால் வெளி இழைகளில் மட்டும் நிக்கல் ஏறி, வெட்டிப் பார்த்தால் நடுவில் கறுப்பாகவே நிற்கும். ஆகவே நாடாபோல் அகலமாகப் பரப்பிக் கட்டுங்கள்.

கரைசலுக்கு நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம். வெப்பம் 55 டிகிரி அளவில், பிஹெச் 4-ஐ ஒட்டி. இழை எதிர்முனை, நிக்கல் தகடு நேர்முனை. இழைக்கே தடை அதிகம் என்பதால் கிளிப்புக்குப் பக்கத்தில்தான் முதலில் வெள்ளி நிறம் தெரியும், பிறகு மெல்லக் கீழே இறங்கும். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் மேலே கட்டிகட்டியாகப் படியும், கீழே ஒன்றும் இருக்காது. குறைவாகத் தொடங்கி, நிறம் இறங்க இறங்கக் கூட்டுங்கள். நிக்கல் உப்பு தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். கையுறையும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம்.

எவ்வளவு பலன்? 7 மைக்ரான் விட்டமுள்ள 3000 இழைகள் கொண்ட கற்றையில் 10 சென்டிமீட்டருக்குச் சுமார் 15 ஓம் வரும். கால் மைக்ரான் நிக்கல் எல்லா இழையிலும் சீராக ஏறினால் கணக்குப்படி அது 0.4 ஓமை ஒட்டி விழும்.

இதைச் சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனைகளால் தொட்டு அளக்காதீர்கள். தொடும் இடத்தின் தடையே அதைவிட அதிகமாக இருக்கலாம். கற்றையில் நான்கு இடங்களில் சில்வர் பெயிண்ட் (மின்கடத்தும் வெள்ளிப் பசை) வைத்து, வெளி இரண்டில் மின்னோட்டம் கொடுத்து, உள் இரண்டில் வோல்டேஜைப் பாருங்கள்.

அப்புறம், வெட்டும்போது உதிரும் துகள்களை ஈரத்துணியால் உடனே துடைத்தெடுங்கள். காற்றில் பறந்து பவர் சப்ளைக்குள் போய் விழுந்தால் ஷார்ட் ஆகும். நிக்கல் முலாம் பூசாத இழைக்கும் இது பொருந்தும்.