இட்லிக் கொப்பரை நுழையாத அடுப்படி

மதுரையில் எழுபது, எண்பதுகளில் கட்டிய வீடுகளுக்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஜாதகம். பிள்ளைக்குக் கல்யாணம் என்றதும் ஹாலை மட்டும் புதுசாக்குவார்கள். மொசைக் தரைக்கு மேல் பளபளவென்று டைல்ஸ் ஏறும், டி.வி. மாட்ட ஒரு பலகை வரும், ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் அடிப்பார்கள். அதோடு பணம் தீர்ந்துவிடும். அடுப்படி அப்படியே கிடக்கும்: கடப்பாக்கல் மேடை, அதற்கு மேல் இரண்டடிக்கு வெள்ளை டைல்ஸ், கதவில்லாத அலமாரி, சிமென்ட் ஜாலி, எண்ணெய்ப் பிசுக்கேறிய பரண்.

எஸ்.எஸ்.காலனியில் என் மாமனார் 1984-இல் கட்டிய வீடும் இப்படித்தான் இருந்தது. ஹாலுக்கும் அடுப்படிக்கும் ஒட்டவே இல்லையே என்று பல வருஷம் புலம்பிவிட்டு, ஒரு வழியாகக் கை வைத்தோம். கீழே வருவதில் பாதி நாங்கள் செய்த தவறு. மீதி, அக்கம்பக்கத்தில் பார்த்தது.

எல்லோரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். நானும் செல்போனில் சாம்பலும் வெள்ளையுமாக முப்பது படம் சேர்த்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டிலோ தேக்கு நிலை, தேன் நிறக் கதவு, ஹாலில் சந்தன நிற டைல்ஸ். அந்தச் சாம்பல் நிறம் இங்கே வந்து உட்கார்ந்திருந்தால், பக்கத்து வீட்டு அடுப்படியைப் பெயர்த்து வைத்த மாதிரி இருந்திருக்கும். ஹாலுக்குப் பொருந்த வேண்டும் என்றுதான் வேலையை ஆரம்பிக்கிறோம். ஆனால் கடைசியில் ஷோரூமுக்குப் பொருந்துகிற மாதிரி முடித்து விடுகிறோம்.

ஹாலில் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து அடுப்படி வாசலைப் பாருங்கள். உள்ளே எவ்வளவு தெரிகிறது? பெரும்பாலான வீடுகளில் கொஞ்சம் தரை, ஒரு பட்டைச் சுவர், மேடையின் ஒரு முனை, ஒன்றிரண்டு அலமாரிக் கதவு. அவ்வளவுதான். அந்த நாலும் ஹாலோடு பேசினால் போதும். மற்ற மூன்று சுவரில் என்ன நிறம் என்பது சமைப்பவர் இஷ்டம். ஹாலில் மிச்சமான டைல்ஸ் துண்டு ஒன்றையும், கதவு நிறத்தில் பாலிஷ் போட்ட மரத்துண்டு ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். செல்போன் படத்தில் இருக்கும் நிறமும் கடை விளக்கில் தெரியும் நிறமும் வீட்டு வெளிச்சத்தில் வேறாகத்தான் இருக்கும்.

ஹாலில் போட்ட அதே டைல்ஸைத் தேடி அலைவது இன்னொரு வீண் வேலை. அதே பெயர், அதே அளவில் கிடைத்தாலும் சூளை மாறினால் ஷேட் மாறும். வாசலில் பழையதும் புதியதும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அந்த வித்தியாசம் முகத்தில் அடிக்கும். அதற்குப் பதில் வாசலில் நாலு அங்குல அகலத்துக்கு ஒரு கிரானைட் பட்டை பதித்து, உள்ளே ஒரு சாயல் அடர்த்தியாக, சொரசொரப்பான மேட் டைல்ஸ் போடலாம். எண்ணெய் சிந்தும் இடத்தில் பளபளப்பு டைல்ஸ் வழுக்கும். ஹாலுக்கு அழகு, அடுப்படிக்கு ஆபத்து.

அப்புறம் மட்டம். பழைய தரையைப் பெயர்க்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டினால், பசையும் சேர்த்து அரை அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். அடுப்படித் தரை ஹாலை விட உயர்ந்துவிட்டால், கழுவி விடுகிற தண்ணீரெல்லாம் சோபாவுக்குக் கீழே போய் நிற்கும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி ஆகி, இப்போது வாசலில் ஈரத்துணியை அணை கட்டி வைத்திருக்கிறார்கள். அடுப்படித் தரை ஹாலை விட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். பெயர்க்கிற செலவைப் பார்த்தால் முடியாது.

இனி, எங்கள் வீட்டில் நடந்த பெரிய கூத்துக்கு வருகிறேன்.

மேடைக்குக் கீழே வரிசையாக இழுப்பறை வைக்கலாம் என்று சொன்னார்கள். படத்தில் ரொம்ப அழகாக இருந்தது. ஆசாரி அண்ணன் முதல் பெட்டியை மாட்டி, இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல் மூடியது. அத்தை பின்கட்டில் இருந்து இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏப்பா, இது எங்க போகும்?"

"மேல லாஃப்ட்ல வச்சுக்கலாம்மா."

"வாரத்துக்கு மூணு நாளு இட்லி ஊத்துறேன். மூணு நாளும் ஏணி போட்டு ஏறவா?"

அண்ணன் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு டேப்பை நீட்டினார். இழுப்பறையின் உள்ளுயரம் பத்து அங்குலம். கொப்பரை, மூடியோடு பதினாலு. பக்கத்திலேயே பத்து லிட்டர் குக்கர், பொங்கல் பானை, பணியாரச் சட்டி, நீண்ட கைப்பிடி வைத்த வாணலி. ஒன்றுமே நுழையவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு இழுப்பறையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாதாரணக் கதவு போட்ட அலமாரி செய்யச் சொன்னோம். வெட்டிய பலகைக்கும் கூலிக்கும் தண்டம் அழுதோம்.

கடைக்காரர் காட்டும் இழுப்பறை எல்லாம் தட்டு, கிண்ணம், கரண்டி என்று உயரம் குறைந்த சாமான்களுக்கு ஏற்றது. நம் வீட்டு அண்டா குண்டா வேறு கணக்கு. அதனால் படம் வரைய ஆள் வருவதற்கு முன்பே ஹாலில் பழைய பேப்பரை விரித்து, அத்தனை பாத்திரத்தையும் இறக்குங்கள். தினமும் எடுப்பது, வாரத்துக்கு ஒரு தடவை எடுப்பது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் எடுப்பது என்று மூன்று கூறு. முதல் கூறு முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவே இருக்க வேண்டும். மூன்றாவது பரணுக்குப் போகலாம். ஒவ்வொரு கூறிலும் உயரமானதையும் அகலமானதையும் அளந்து எழுதி, அந்தத் தாளை ஆசாரியிடம் கொடுங்கள். எந்தக் கூறிலும் சேராமல் ஒரு குவியல் மிஞ்சும். அதை என்ன செய்வது என்று மாமியாரிடம் கேட்காதீர்கள், சண்டை வரும்.

மேடை உயரத்தையும் யாரும் யோசிப்பதில்லை. பழைய கடப்பா மேல் அப்படியே கிரானைட்டை ஒட்டினால் கலவையோடு ஒன்றரை அங்குலம் கூடும். அதற்கு மேல் அடுப்பின் உயரம் வேறு. குள்ளமானவர் குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதாகிவிடும். சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கினால், அதிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே மேடை இருப்பது நல்லது. அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்த்தலாம்.

மேடைக் கல்லுக்கு என் ஓட்டு கிரானைட்டுக்குத்தான். அதற்குப் பேர்போன மேலூர் பக்கத்திலேயே இருக்கிறது. நேரில் போய்ப் பலகையைப் பார்த்து எடுக்கலாம். மார்பிள் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சத்துள்ள கல் அது. புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் பளபளப்பு போய் வெளிறிவிடும். புளிக்கரைசல் சிந்தாத அடுப்படி மதுரையில் ஏது? குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லில் பிசின் கலந்திருப்பதால் கொதிக்கும் குக்கரை நேராக வைத்தால் தடம் விழும். வெள்ளையாக எதை எடுத்தாலும் மஞ்சள் கறையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பலகை விஷயத்தில் ஏமாறுவதுதான் அதிகம். "வாட்டர் புரூஃப் பிளைதான் சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். பலகையின் முகத்தில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 710 என்றிருந்தால் கொதிநீரையும் தாங்கும் மரைன் பிளை. ஐ.எஸ். 303-இல் எம்.ஆர். என்று போட்டிருந்தால், அது ஈரக்காற்றை மட்டும் தாங்குவது, படுக்கையறைக்குப் போதும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை தண்ணீர் குடித்தால் இட்லி மாதிரி உப்பிவிடும். சிங்க்குக்குக் கீழே எந்தப் பலகையும் வேண்டாம் என்பேன். பழைய கடப்பாத் தடுப்பு உறுதியாக இருந்தால் அதை விட்டுவிட்டு, முன்னால் அலுமினியம் அல்லது பி.வி.சி. கதவு மட்டும் மாட்டினாலே ஹாலுக்கு நிகரான தோற்றம் வந்துவிடும், செலவும் பாதியாகக் குறையும். கடப்பாவைக் கரையான் தின்னாது. எங்கள் வீட்டில் ஒரு பக்கம் இப்படித்தான் செய்தோம். பார்க்கிறவர்களுக்கு எது புதுசு, எது 1984 என்று தெரியவில்லை.

கம்பிக்கூடை வாங்கும்போது 304 ரக ஸ்டீல் என்று கேளுங்கள். 202 என்பதும் ஸ்டீல்தான், பளபளப்பிலும் குறைவில்லை. ஆனால் நம் போர் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை எடுபடாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குவதுதான் வழி.

போர் தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. கறுப்புக் குழாய், கறுப்பு சிங்க் இப்போது ஃபேஷன். மதுரையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளையாகப் படியும். கறுப்பில் அது விபூதி பூசிய மாதிரித் தெரியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் பூச்சே உரிந்து வரும். சாதாரண எவர்சில்வர் சிங்க்கில் அந்தப் படிவு அவ்வளவாகக் கண்ணில் படாது. முடிந்தால் சிங்க்கில் இரண்டு குழாய் வையுங்கள்: கழுவ போர், சமைக்க கார்ப்பரேஷன் தண்ணீர். சுவரை உடைத்திருக்கும்போதே இரண்டாவது குழாய்க்கும் வழி விட்டுவிட்டால் பின்னால் திரும்ப உடைக்க வேண்டாம்.

சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்த்து ஓப்பன் கிச்சன் ஆக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: வீட்டில் மிளகாய் வற்றல் வறுப்பீர்களா? ஆம் என்றால் சுவர் இருக்கட்டும். கமறல் திரைச்சீலையில் ஏறினால் விருந்தாளி வரும் நாளிலும் இறங்காது. வேண்டுமானால் சுவரின் நடுவில் ஒரு திறப்பு வைத்து, கண்ணாடிக் கதவு போடுங்கள். அதற்கும் முன்னால், அந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறதா என்று பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் தூண் கிடையாது, சுவர்தான் தாங்கும். சிம்னி வைத்தால் புகையை வெளியே தள்ளும் குழாயோடு வையுங்கள். வடிகட்டி அதே காற்றை உள்ளேயே விடுகிற வகை நம் தாளிப்புக்குத் தாங்காது. குழாயில் வளைவு குறைவாக இருக்கட்டும். சிமென்ட் ஜாலியை அழகாக இல்லை என்று அடைத்துவிடுகிறார்கள், அதைச் செய்ய வேண்டாம்.

கேஸ் விஷயத்தில் மட்டும் அழகைப் பார்க்கவே கூடாது. சிலிண்டரை மறைக்கிறேன் என்று காற்றுப் புகாத அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும், மேலே இருக்கும் ஜன்னல் வழியாகப் போகாது. ஆகவே அலமாரிக் கதவின் அடியிலும் வெளிச்சுவரின் அடியிலும் துளை வேண்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, சுவருக்குள் பதிக்கக் கூடாது, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். சிலிண்டரைத் தள்ளி வைக்க வேண்டும் என்றால் ஏஜென்சி ஆளைக் கூப்பிட்டுச் செம்புக் குழாய் போடச் சொல்லுங்கள்.

கரண்ட் கணக்கு எளிது. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், கெட்டில் 1,500, மிக்ஸி 750. மூன்றும் ஒரே நேரம் ஓடினால் 4,250 வாட், 18 ஆம்பியருக்கு மேல். 1984-இல் ஒரு பல்புக்கும் ஒரு மிக்ஸிக்கும் இழுத்த வயர் இதைத் தாங்காது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே 16 ஆம்பியர் பாயின்ட் குறைந்தது மூன்று தனித்தனி லைனில் இழுத்து, மின்கசிவு வந்தால் கரண்டை உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். கிரைண்டருக்கும் ஒரு பாயின்ட், மறந்துவிடாதீர்கள். நாங்கள் மறந்தோம்.

வாஸ்துவுக்காக அடுப்படியையே தென்கிழக்கு மூலைக்கு மாற்றுகிறவர்கள் சாக்கடையை நினைப்பதில்லை. கழிவுநீர்க் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலமாவது வாட்டம் வேண்டும். அந்த வாட்டம் இல்லாவிட்டால் அக்னி மூலையில் தண்ணீர் தேங்கும். ஆடியில் வேலை ஆரம்பிக்கக் கூடாது என்பார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் ஆனியிலேயே ஒரு செங்கலைப் பெயர்த்து ஆரம்பித்துவிட்டால், ஆடியில் ஆட்கள் சும்மா இருப்பார்கள், சொன்ன நாளில் வருவார்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று எந்தக் கொத்தனார் கரண்டியைத் தொடுவார்?

கடைசியாக ஒன்று, யாரும் திட்டமே போடாதது. வேலை நடக்கும் நாளில் எங்கே சமைப்பது? பதினைந்து நாள் என்றார்கள், நாற்பது நாள் ஆனது. முதல் வாரம் ஹோட்டல் இட்லி, அடுத்த வாரம் வயிற்று வலி. அப்புறம் பின்கட்டில் பெயர்த்தெடுத்த கடப்பாக் கல்லை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, ஒரு அடுப்பு, ஒரு வாளித் தண்ணீர், பதினொரு பாத்திரம் என்று குடித்தனம் நடத்தினோம். வேலை முடிந்து புது அடுப்படியில் பால் காய்ச்சிய பிறகும் அந்தக் கல்லை அத்தை எடுக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் அங்கேதான் ஆய்கிறார். உள்ளே வாங்கி மாட்டிய சிங்க்கில் செதில் படக் கூடாதாம்.