கொலுசுப் பட்டறை பில்லில் வந்த ‘அன்டிஃபைண்ட்’ எச்சரிக்கை: பிஎச்பி செய்முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பில் போட அவருக்குப் பிஎச்பி என்ற நிரல் மொழியில் ஒரு சின்ன இணையப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று ஆண்டுகள் சத்தமில்லாமல் ஓடியது. ஒருநாள் காலையில் போன். “மாப்பிள்ளை, பில்லுக்கு மேலே இங்கிலீஷில் நாலு வரி வருகிறது. ஆள் காத்துக்கொண்டு நிற்கிறார்.”

சர்வரை வாடகைக்குத் தருபவர்கள் இரவோடு இரவாகப் பிஎச்பி 7.4ஐ 8க்கு மாற்றியிருந்தார்கள். அதுவரை வெறும் ‘நோட்டீஸ்’ ஆக இருந்த ‘அன்டிஃபைண்ட் வேரியபிள்’ (மதிப்பே கொடுக்காத மாறி), 2020 நவம்பரில் வந்த 8.0 முதல் ‘வார்னிங்’. நோட்டீஸ்களை நான் மறைத்து வைத்திருந்தேன். ஆகவே தப்பு முதல் நாளிலிருந்தே என்னுடையதுதான்.

படி 1. உங்கள் கணினியில் எல்லா எச்சரிக்கையும் திரையில் தெரியட்டும். கடையில் ஓடும் சர்வரில் ‘டிஸ்பிளே எரர்ஸ்’ அமைப்பை அணைத்து, ‘லாக் எரர்ஸ்’ அமைப்பை இயக்கிவிடுங்கள். வரிக்கு முன்னால் @ போட்டு வாயை அடைக்கிற வேலை மட்டும் வேண்டாம். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. நிரல் எழுதும் விஎஸ் கோடில் இன்டெலிஃபென்ஸ் என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டால், மதிப்பே கொடுக்காத மாறியின் அடியில் எழுதும்போதே கோடு விழும். நோட்பேடில் எழுதி வீரம் காட்டுவதில் பயனில்லை.

படி 2. கூட்டல் நடக்கும் மாறிக்கு லூப்புக்கு முன்பே தொடக்க மதிப்பு கொடுங்கள்:

$மொத்தம் = 0;

(மாமாவும் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று தமிழிலேயே பெயர் வைத்தேன். பிஎச்பி ஏற்றுக்கொள்கிறது. அதனால் வந்த வினை படி 5இல்.)

படி 3. படிவத்திலிருந்து வருவதை நம்பாதீர்கள். படிவத்தில் அடித்தவை வந்து சேரும் போஸ்ட் வரிசையை முதலில் $படிவம் என்ற மாறியில் எடுத்துக்கொண்டு, பிறகு:

$எடை = $படிவம்['எடை'] ?? '';
$சலங்கை = $படிவம்['சலங்கை'] ?? 'வேண்டாம்';

இரட்டைக் கேள்விக்குறி 2015இல் வந்த 7.0இலிருந்தே இருக்கிறது. இடப்பக்கம் இல்லையென்றாலோ, ‘நல்’ (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) என்றாலோ வலப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும். சலங்கை ஒரு டிக் பெட்டி. டிக் அடிக்காவிட்டால் பிரவுசர் அந்தப் பெயரையே அனுப்பாது. மாமாவின் திரையில் வந்த நாலு வரியில் இரண்டு இதனால் வந்தவை. எழுதும் பெட்டி அப்படியல்ல. காலியாக விட்டாலும் வெற்றுச் சரமாக (ஓர் எழுத்தும் இல்லாத உரையாக) வந்து சேரும். அதை ?? பிடிக்காது, தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

படி 4. முதலில் நான் ?? போடவில்லை. எல்லா இடத்திலும் ‘எம்ப்டி’ போட்டு, காலியாக இருந்தால் வழக்கமான செய்கூலியை எடுத்துக்கொள் என்று எழுதினேன். எச்சரிக்கை போய்விட்டது, நானும் தூங்கப் போய்விட்டேன். பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு மாமா செய்கூலி வாங்குவதில்லை, பெட்டியில் 0 என்று அடிப்பார். எம்ப்டியின் கண்ணுக்கு 0 என்ற எழுத்தும் காலிதான்! அவருக்கும் முழுக் கூலி போட்டு பில் வந்துவிட்டது. மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எண் வரும் இடத்தில் எம்ப்டியை இன்றுவரை தொடுவதில்லை.

படி 5. இதற்கு மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. $கொலுசு என்று மேலே மதிப்பு கொடுத்திருக்கிறேன். பத்து வரி கீழே அதே $கொலுசு ‘அன்டிஃபைண்ட்’ என்கிறது. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பெயர்களையும் மேற்கோளுக்குள் போட்டு ‘ஸ்டர்லென்’ கொண்டு அளந்தேன். ஒன்று 18 பைட், மற்றது 21.

யூனிகோடில் ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிஎச்பி பைட்டைத்தான் பார்க்கிறது, ஆகவே அதற்கு அவை இரண்டு மாறிகள். மாமாவின் பழைய விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றி ஒட்டியபோது பிரிந்த வடிவம் உள்ளே வந்துவிட்டது. ‘கோ’, ‘கௌ’ எழுத்துகளிலும் இதே கதைதான். நிரலில் இருந்தால் அந்தப் பெயரை அழித்துவிட்டு ஒரே விசைப்பலகையில் திரும்ப அடியுங்கள். வெளியிலிருந்து வரும் தமிழ்ச் சரமாக இருந்தால் ‘இன்ட்ல்’ நீட்சியில் உள்ள, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ‘நார்மலைசர்’ வழியாக அனுப்பிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: ஏற்காட்டில் விடுதி நடத்தும் ஒருவர், “நீங்கள் சொன்னபடி மேலேயே $வாடகை வைத்துவிட்டேன், ஃபங்ஷனுக்குள் மட்டும் இல்லை என்கிறது” என்று எழுதியிருந்தார். எனக்குப் பழகிப்போனதால் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிஎச்பியில் ஃபங்ஷனுக்கு வெளியே வைத்த மாறி உள்ளே தெரியாது. அடைப்புக்குறிக்குள் கொடுத்து அனுப்புங்கள். ‘குளோபல்’ என்று எழுதினாலும் நடக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்து எங்கே யார் மாற்றினார்கள் என்று தேடுவீர்கள்.

அதைத் திருத்திய மறுநாள் அவரே திரும்ப எழுதினார்: ‘முன் பணம்’ என்ற பெட்டி மட்டும் வரவே மாட்டேன் என்கிறதாம். படிவப் பெயரின் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பிஎச்பி அடிக்கோடாக மாற்றிவிடும். சேர்த்தே ‘முன்பணம்’ என்று வைக்கச் சொன்னேன், வந்துவிட்டது.